அரசாங்கத்தின் அகராதி

நமது நாட்டின் எந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் முகப்பில் ஒரு பகுதி அமைந்திருக்கக் காணலாம். இச்சட்டத்தில் இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று வரிசையாக இலக்கணம் கூறும் பகுதி அது. படிப்போர் பெரும்பாலும் அதைத் தாண்டிச் சென்றுவிடுவர். சலுகை யாது, தண்டனை யாது, யாரிடம் மனுச் செய்து கொள்வது என்று தேடுவதிலேயே கண் ஓடும். ஆயினும் அந்தச் சலுகை நம் வீட்டு வாசலுக்கு வருமா, தெருமுனையிலேயே நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிப்பது நாம் தாண்டிச் சென்ற அந்த முதற் பகுதியே. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் மக்களாகிய நாம் இதனை மற்றவர்களைவிட நன்கு உணர்ந்திருக்கிறோம். சொந்த ஊர், தாய்மொழி, வகுப்பு, குடும்பத் தலைவர், இவ்வூரில் வாழ்ந்துவரும் காலம் என்று படிவத்தில் நாம் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்தின் பின்னாலும் ஓர் இலக்கணமும், அந்த இலக்கணத்தின் பின்னால் ஒரு வரலாறும் இருக்கின்றன.

உலகில் உள்ள பொருள்கள் எவை, அவற்றின் வகைகள் எவை, ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் உள்ள உறவு யாது என்று ஆராய்வது தத்துவத்தில் பழைய துறை. நம் நாட்டு வைசேஷிகர் அதனைப் பதார்த்த விசாரம் என்றனர். மேனாட்டார் ஆண்டாலஜி என்பர். தமிழிலக்கணமோ சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே பொருள்களை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரித்துக் கொள்கிறது. அந்தப் பிரிவின்படியே வினைக்கு விகுதி அமைகிறது. ஆகவே வகைப்பாடு என்பது ஏட்டளவில் நிற்பதன்று, செயலையும் ஆள்வது என்பது தமிழ் படித்தவர்க்குப் புதிய செய்தி ஆகாது. கணினித் துறையினர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல்லைத் தத்துவத்திடமிருந்து கடன் வாங்கினர். ஒரு துறையில் நாம் கொண்டுள்ள கருத்துகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்த வடிவமே ஆண்டாலஜி என்ற கருத்துப்பட டாம் குரூபர் என்ற அறிஞர் 1993-இல் ஓர் இலக்கணம் தந்தார். ஒரு துறையின் ஏடு மற்றொரு துறையின் ஏட்டைப் புரிந்து கொள்வதற்கு இத்தகைய பொது அகராதி வேண்டும் என்பது இன்று எல்லா அரசாங்கங்களும் ஒப்புக்கொள்ளும் செய்தி. ஆனால் கணினிக்கு நூறாண்டு முன்பே இந்திய அரசாங்கம் அத்தகைய அகராதியை எழுதத் தொடங்கிவிட்டது. அதன் முதல் ஏடு குடிக்கணக்கு.

நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கும் முயற்சி 1872-இல் ஒருவாறு முடிந்தது. எனினும் எல்லா மாகாணங்களிலும் ஒரே வேளையில் எடுக்கப்பட்ட முதற் கணக்கு பிளௌடன் ஆணையாளராக இருந்த 1881-ஆம் ஆண்டுக் கணக்கே. எண்ணுவது எளிது, எதை எண்ணுவது என்பதே கடினம். வீடு என்றால் கூரையா, சுற்றுச்சுவரா, வாசலா? மலையாளக் கரையில் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் இல்லமும், வடநாட்டில் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து பத்துக் குடும்பங்கள் வாழும் மாளிகையும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டுமே! பல பத்தாண்டுகள் தட்டுத் தடுமாறிய பின்னர் நம் கணக்கெடுப்பாளர்கள் அடைந்த விடை எளிமையும் அழகும் உடையது. சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். உறவு இருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. அடுப்பு ஒன்றாக இருந்தால் போதும்.

இந்த இலக்கணத்தின்படி, மும்பையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து சமைத்து உண்ணும் எட்டுத் தமிழ் இளைஞர்கள் குடிக்கணக்கின் கண்ணில் ஒரு குடும்பம். உணவுப் பங்கீட்டுத் துறையின் கண்ணிலோ அவர்கள் எட்டு வேறு குடும்பங்களின் உறுப்பினர்கள். அக்குடும்பங்கள் திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் இருக்கின்றன. குடும்பம் என்ற ஒரே சொல்லை இரு துறைகள் இரு பொருளில் ஆண்டன. இரண்டும் தத்தம் அளவில் சரியே. அடுப்பு ஓரிடத்தில் எரிய, அதற்குரிய அரிசி மற்றோரிடத்தில் ஒதுக்கப்பட்டது என்பதுதான் விளைவு.

விடுதலைக்குப் பின் நடந்த முதற் கணக்கு 1951-ஆம் ஆண்டினது. அதனை நடத்தியவர், பின்னர் சென்னை அரசாங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஆர். ஏ. கோபாலசாமி. அவர் மக்களை வருவாய் நோக்கில் மூவகையாகப் பிரித்தார். தம் வருவாயில் வாழ்பவர், ஓரளவு சம்பாதித்தும் பிறரைச் சார்ந்திருப்பவர், முற்றிலும் சார்ந்திருப்பவர் என்பன அம்மூன்று. அவருக்குப்பின் 1961-ஆம் ஆண்டுக் கணக்கை நடத்திய அசோக் மித்ரா, வருவாயை விடுத்து உழைப்பையே அளவுகோலாகக் கொண்டார். பருவ வேலையில், பருவத்தின் பெரும் பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக உழைத்தவர் எவரும் உழைப்பாளி. கூலி பெற்றாரா என்ற கேள்வி இல்லை. களை பறித்த பெண்ணும், கணவனுடைய தறிக்குப் பாவு ஓட்டிய பெண்ணும் அவ்வாண்டு ஏட்டில் ஏறினார்கள். பெண் உழைப்பாளிகள் சுமார் 5 கோடியே 90 லட்சம் பேர் எனத் தெரியவந்தது.

பத்தாண்டுகள் கழித்து 1971-இல் கேள்வி மாறியது. உமது முதன்மையான பணி எது என்று கேட்டார்கள். விடியற்காலையில் மாட்டைக் கறந்து, பகலில் வயலில் நாற்று நட்டு, மாலையில் அடுப்பு மூட்டும் பெண்ணை இவ்வாறு கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவளுக்காகப் பதில் சொன்ன ஆண்மகன் என்ன சொல்லியிருப்பான்? வீட்டு வேலை என்று எழுதப்பட்டது. பெண் உழைப்பாளிகளின் தொகை சுமார் 3 கோடியே 10 லட்சமாகச் சுருங்கியது. பத்தாண்டில் ஏறத்தாழ மூன்று கோடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? வயல்களைப் பார்த்தவர் எவரும் அவ்வாறு நம்பவில்லை. அகராதியில் ஒரு வரி மாறியது, அவ்வளவே. இந்தக் குறையைப் போக்குவதற்காகவே 1981-இல் முதன்மை உழைப்பாளர், குறுங்கால உழைப்பாளர் என்று இரு வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன.

நகரம் என்ற சொல்லுக்கும் இதுவே கதி. எது நகரம் என்று கூறும் உரிமை 1951 வரையில் பெரும்பாலும் அந்தந்த மாகாணத்துக் கணக்கதிகாரியின் மனப்போக்கில் இருந்தது. 1961-இல் திட்டமான அளவு வந்தது: மக்கள் தொகை 5,000-க்குக் குறையக்கூடாது, சதுர மைலுக்கு 1,000 பேராவது வாழவேண்டும், உழைப்பவருள் முக்கால் பங்கினரேனும் உழவல்லாத தொழிலில் இருக்கவேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்ததும் முந்திய கணக்கில் நகரமாக இருந்த சில நூறு ஊர்கள் ஒரே நாளில் கிராமங்களாகிவிட்டன. அண்மைக் காலத்தில் இதற்கு எதிரான காட்சியைக் கண்டோம். பஞ்சாயத்தின் ஆட்சியிலேயே இருந்துகொண்டு, குடிக்கணக்கின் அளவில் மட்டும் நகரமாகிவிட்ட ஊர்கள் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. இவற்றைக் கணக்கு நகரம் என்பர். ஊராட்சித் துறைக்கு இது கிராமம். புள்ளிவிவரத் துறைக்கு நகரம். சாக்கடை அமைப்பதற்கு எந்தத் துறையிடம் பணம் கேட்பது என்பதற்கு அகராதி விடை தருவதில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டுக் கணக்கு 1,652 தாய்மொழிகளின் பெயர்களைப் பதிவு செய்தது. 2011-இல் மக்கள் வாயிலிருந்து வந்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி 1,369 ஆக்கினர்; மேலும் தொகுத்து 121 மொழிகளுக்குள் அடக்கினர். தமிழ் என்ற தலைப்பில் அவ்வாண்டு கண்ட சுமார் 6 கோடியே 90 லட்சம் பேரில் மராட்டிய நாட்டில் பேசப்படும் கைக்காடி, ஆந்திரத்து எருகுலா போன்ற மொழிகளைத் தாய்மொழியாகக் கூறியவர்களும் அடங்குவர். கூடை முடைந்து ஊர் ஊராகச் சென்ற அம்மக்களை நம்மில் எத்தனை பேர் தமிழர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இதுவரை கண்டவை எண்ணிக்கையைப் பொறுத்தவை. தனிமனிதரின் வாழ்வை நேராகத் தொட்ட அட்டவணை மற்றொன்று உண்டு. அது பட்டியல் வகுப்பினரின் அட்டவணை. வெளிமாநிலத் தமிழர்களில் பெரும்பகுதியினர்க்கு அரசாங்கத்தின் அகராதியில் இதைவிட முக்கியமான பக்கம் இல்லை என்று கூறலாம்.

தீண்டாமையால் நசுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியிலும் பதவியிலும் இடமளிக்க வேண்டுமானால், அவர்கள் யார் என்று முதலில் எழுதவேண்டும். 1931-ஆம் ஆண்டுக் கணக்கை நடத்திய ஹட்டன், இதற்குப் பல சோதனைகளை வகுத்தார். ஒரு சாதியார்க்கு அந்தணர் சடங்கு செய்கிறார்களா, நாவிதர் பணி செய்கிறார்களா, அவர்கள் தொட்டால் தீட்டு என்று கருதப்படுகிறதா, கோயிலிலும் பொதுக் கிணற்றிலும் பள்ளியிலும் நுழைய முடிகிறதா என்றெல்லாம் கேட்டறிந்தார். சாதியின் பெயர் அளவுகோல் அன்று. அதன்மேல் சுமத்தப்பட்ட கொடுமையே அளவுகோல் என்ற கருத்து அச்சோதனைகளில் இருந்தது. ஆனால் சட்டத்துக்குச் சோதனை உதவாது, பெயரே வேண்டும். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் வந்தது. 1936-இல் மாகாணவாரியாகப் பெயர்ப் பட்டியல் ஓர் ஆணையாக வெளியாயிற்று. குடியரசு அமைந்தபின் 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை அப்பட்டியலைப் புதுப்பித்தது. ஒவ்வொரு சாதியும் ஒரு குறிப்பிட்ட மாநிலத்தைப் பொறுத்தவரையிலேயே பட்டியல் வகுப்பாகக் கருதப்படும் என்பது அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவு. அந்த 'மாநிலத்தைப் பொறுத்தவரை' என்ற சிறு தொடரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பெயர்ப் பட்டியலில் உள்ள சங்கடம் விரைவிலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மைசூர் ராஜ்யத்தில் ஒட்டர் எனப்பட்ட கல்லுடைக்கும் மக்கள், 1944-இல் மாநாடு கூட்டித் தங்களைப் போயி என்று அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தார்கள். 1946-இல் மைசூர் அரசாங்கமும் அதனை ஏற்று ஆணையிட்டது. 1950-ஆம் ஆண்டுப் பட்டியலில் போவி என்ற பெயர் இடம் பெற்றது. ஒட்டர் என்ற பெயர் இல்லை. பெங்களூர்த் தெற்குத் தனித்தொகுதியில் வென்ற ஒருவர், தாம் போவி எனக் கூற, அவர் ஒட்டரே என்று எதிர்த்தவர் வழக்குத் தொடுத்தார். பட்டியலில் ஓர் எழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றத்துக்கு உரிமையில்லை என்பது பொதுவிதி. ஆனால் போவி என்ற பெயரில் மைசூரில் வேறு சாதியே இல்லாதபோது, அப்பெயர் யாரைக் குறித்தது என்று விசாரித்தாக வேண்டும் அல்லவா? 1964-இல் நீதிமன்றம் விசாரித்து, போவி என்றது ஒட்டரையே என்று தீர்ப்பளித்தது. இதே மக்கள் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் பட்டியல் வகுப்பினர் அல்லர் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தோகர் என்ற பிரிவினர் சமார் சாதியின் உட்பிரிவே என்று ஒருவர் வாதித்தார். சமார் பட்டியலில் இருக்கிறது, தோகர் இல்லை. வாதம் ஏற்கப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் மராட்டியத்து ஹல்பா கோஷ்டி மக்களின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு விதியை மேலும் இறுக்கிவிட்டது. பட்டியலில் கண்டபடியே படிக்க வேண்டும். உட்பிரிவு, மறுபெயர் என்று சாட்சியம் கொண்டுவருவதற்கு இடமில்லை என்றது. கணினித் துறையினர் ஓர் ஆண்டாலஜியை அமைக்கும்போது முதலில் செய்வது, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றே, இது அதன் உட்பிரிவு என்று உறவுகளை எழுதி வைப்பது. நம் பட்டியலில் பெயர்கள் இருந்தன. உறவுகள் போதிய அளவில் எழுதப்படவில்லை. அதை எழுதும் உரிமை பாராளுமன்றத்துக்கே உரியதென்று நீதிமன்றம் ஒதுங்கிக் கொண்டது முறையே என்று நாம் கருதுகிறோம். பொய்ச் சான்றிதழ்களின் தொல்லையைக் கண்டவர்கள் இதில் குறை காணமாட்டார்கள். ஆயினும் உண்மையாக உரியவர் ஒருவர் எழுத்துப் பிழையால் வெளியே நிற்பதும் அதே விதியின் பயனே.

இடத்தின் பெயரும் இவ்வாறே தொல்லை தந்தது. தொடக்கத்தில் ஒரே மாநிலத்துக்குள்ளும் இந்த ஜில்லாவில் இந்தச் சாதி என்று பட்டியலிட்டிருந்தார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த வேலிகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது, எல்லாவற்றையும் நீக்கவில்லை. வண்ணார் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் மட்டும் பட்டியல் வகுப்பினர். மலையாளி என்னும் பழங்குடியினர்க்குத் தருமபுரி, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்கள் குறிக்கப்பட்டன. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையில் வாழும் அதே மக்களின் மாவட்டம் வரிசையில் இல்லை. குறிக்கப்பட்ட மாவட்டங்களின் பெயர்களும் பின்னர் மாறின. 1961-இல் சென்னை ராஜ்யத்தில் 13 மாவட்டங்கள்; 2020-இல் தமிழ்நாட்டில் 38. கல்வராயன் மலையில் பிறந்து தில்லியில் வாழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பாட்டனார் தென்னார்க்காட்டவர். 1993-இல் அம்மாவட்டம் பிரிந்தபோது தந்தையார் விழுப்புரத்தவர் ஆனார். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு பிள்ளை கள்ளக்குறிச்சியவர். யாரும் மலையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

நகர்ந்தவர்களின் நிலை என்ன? பிழைப்புத் தேடிச் சென்றவர்களில் பட்டியல் வகுப்புத் தமிழர்கள் எத்துணைப் பேர் என்பதைத் தாராவியைக் கண்டவர்கள் அறிவர். கோலார் தங்க வயலின் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை அறிந்தோரும் அறிவர். சென்னை அரசாங்கம் 1922-இல் ஏற்றுக்கொண்ட ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. தில்லியின் பட்டியலில் இல்லை. ஒருவருக்கு ஒரு மாநிலத்துச் சான்றிதழ் மற்றொரு மாநிலத்தில் செல்லுமா என்ற கேள்வி பலகாலம் தெளிவின்றிக் கிடந்தது. 1977-இல் மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு அனுப்பிய விளக்கம், பட்டியல் அறிவிக்கப்பட்ட நாளில் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எதுவோ அதனைக் கொண்டே சான்றிதழ் தரவேண்டும் என்றது. 1950-இல் குடும்பம் எங்கே இருந்தது என்பதே கேள்வி. இரண்டு தலைமுறை கழித்து அதனை மெய்ப்பிக்க ஒரு பட்டாவோ பள்ளிச் சான்றோ தேடி ஊருக்குப் போனவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

1990-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு உறுதியான விடை அளித்தது. ஆந்திரத்தில் பழங்குடியாகக் கொள்ளப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தந்தையின் உத்தியோகம் காரணமாகப் பம்பாய்க்கு வந்து, அங்கு மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரினார். மாநிலத்தைப் பொறுத்தவரை என்ற தொடர் அவருக்கு எதிராக நின்றது. ஒரு சாதி ஓர் ஊரில் நசுக்கப்பட்டது என்பதனால் வேறோர் ஊரிலும் அதே அளவு நசுக்கப்பட்டது என்று கொள்ள முடியாது; அங்கே உள்ள ஒடுக்கப்பட்டோரின் பங்கை வெளியிலிருந்து வருபவர் எடுத்துக்கொள்வது நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1994-இலும் அதனையே வலியுறுத்தினார்கள். 2018 ஆகஸ்டு 30-ஆம் நாள் ஐந்து நீதிபதிகளின் அமர்வு மீண்டும் அவ்வாறே கூறி, தில்லிக்கு மட்டும், அது யூனியன் பகுதி என்ற காரணத்தால், அகில இந்திய அளவிலான ஒதுக்கீடு தொடரலாம் என்று பெரும்பான்மையால் தீர்மானித்தது.

தீர்ப்பின் நியாயத்தை நாம் மறுப்பதற்கில்லை. மராட்டியத்து மஹர் இளைஞனுக்கு உரிய இடத்தைக் குறைத்துத் தமிழ் இளைஞனுக்குத் தருவது எப்படிச் சரியாகும்? ஆனால் தாராவியில் பிறந்து, தாராவியில் படித்து, தமிழ்நாட்டைத் திருவிழாவுக்கு மட்டும் கண்ட பெண்ணுக்கு, உனது உரிமை உன் பாட்டனார் ஊரில் இருக்கிறது என்று கூறுவதில் ஒரு வெறுமை இருக்கிறது. சாதி இழிவு ரயிலேறி வருகிறது. சலுகை மட்டும் எல்லையில் இறங்கிவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் மனிதனை ஒரே இடத்தில் நிலையாக நட்ட மரமாக எண்ணும் அகராதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

மாற்றி எழுத முடியாதது அன்று. உணவுப் பங்கீட்டில் அதனைக் கண்டோம். பல்லாண்டுகளாக மனிதர் அட்டையைச் சேர்ந்தவர். அட்டை ஒரு கடையைச் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம், கடைக்கும் அட்டைக்கும் இருந்த அந்த ஒற்றை உறவை அறுத்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாம் சேர்ந்ததும் நாடு முழுவதும் இணைந்தது. குடும்பத்தில் ஒருவர் சூரத்தில் தம் பங்கைப் பெறலாம். மற்றவர் ஊரில் தம் பங்கைப் பெறலாம். முன்பு சொன்ன எட்டு இளைஞர்களின் அடுப்புக்கு இதனால் வழி பிறந்தது. ஆனால் இங்கும் ஒரு வரையறை நுழைந்தது. இவ்வசதி தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய அட்டைகளுக்கே உரியது. தமிழக அரசாங்கம் தன் செலவில் அரிசி வழங்கும் ஏனைய அட்டைகளுக்கு இல்லை.

தொழிலாளர் சட்டத்திலும் இத்தகைய ஒரு கதை உண்டு. 1979-இல் இயற்றப்பட்ட சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்பவர்களுக்குப் பயணப்படி, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் தரவேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அதன் இலக்கணப்படி, ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக ஒரு மாநிலத்தில் திரட்டப்பட்டு மற்றொரு மாநிலத்தில் வேலைக்கு வைக்கப்பட்டவரே புலம்பெயர் தொழிலாளி. மாமன் கடிதம் போட, தானே ரயிலேறி வந்தவன் அவ்வகையில் சேரான். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்காக நாடு அடைபட்டபோது நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற கூட்டத்தைக் கண்டு, இவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து எங்கே செல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு எந்த ஏட்டிலும் விடை கிடைக்கவில்லை. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இடம் பெயர்ந்தோர் சுமார் 45 கோடியே 60 லட்சம் என்று இருந்தது உண்மையே. அத்தொகையில் மணமாகிப் பக்கத்து ஊருக்குச் சென்ற பெண்களே மிகப் பலர். மாநிலம் கடந்தவர் சுமார் 5 கோடியே 40 லட்சம். ஒரு சட்டத்தின் இலக்கணம் மிகக் குறுகியது. ஒரு கணக்கின் இலக்கணம் மிகப் பரந்தது. நடந்து சென்றவன் இரண்டுக்கும் இடையே விழுந்தான். அதே 2020-இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு, தானாக வந்து வேலை தேடிக்கொண்டவரையும் புலம்பெயர் தொழிலாளி என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டு 26-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் 2025-க்குள் 30 கோடிக்கு மேற்பட்டோர் தம் தொழிலைப் பதிவு செய்து கொண்டார்கள்.

இனி வரப்போகும் கணக்கைப் பற்றிச் சில சொற்கள். 1931-இல் அரசாங்கம் கண்ட சாதிகள் 4,147. 2011-இல் நடந்த சமூக பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில், பட்டியல் எதுவும் கையில் கொடுக்காமல், மக்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதச் செய்தார்கள். விளைவு, 46 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள்! மலபாரில் மாப்பிள்ளை என்ற ஒரே பெயரைக் கணக்கெடுத்தவர்கள் 40 விதமாக எழுதியிருந்தார்கள் என்று மத்திய அரசாங்கம் 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2025 ஜூன் 16-ஆம் நாள் வெளியான அறிவிக்கை, நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் குறித்தது. இம்முறை எல்லாச் சாதிகளையும் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது. கடந்த காலக் கணக்குகளில் பட்டியல் வகுப்பினரைக் குறித்தபோது, ஒருவர் எந்த மாநிலத்தில் எண்ணப்படுகிறாரோ அந்த மாநிலத்துப் பட்டியலைக் கொண்டே குறித்தார்கள். ஆகவே தமிழ்நாட்டில் பட்டியல் வகுப்பினராக உள்ள ஒரு குடும்பம், அப்பெயர் இல்லாத மாநிலத்தில் எண்ணப்பட்டபோது ஏனையோருடன் சேர்த்து எண்ணப்பட்டது. அக்குடும்பத்தைத் தமிழரென்று காட்டியவை தாய்மொழி, பிறந்த இடம், கடைசியாக வாழ்ந்த இடம் ஆகிய மூன்று கட்டங்களே. கணக்கெடுப்பவர் இம்மூன்றையும் கேட்கும்போது, மாவட்டத்தின் பெயரோடு தாலுகாவையும் சேர்த்துச் சொல்லுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாவட்டம் இன்னும் எத்தனை முறை பிரியுமோ!